அலைவரிசைப் புறம்போக்கு

மூன்று வருஷத்துக்கு முன் என் மனைவிக்குப் பித்தப்பையில் கல் என்று ஆபரேஷன். பெரிய விஷயமில்லை என்றார் டாக்டர். அவருக்குப் பெரிய விஷயமில்லை. 'ஏதாவதுன்னா போன்ல கூப்பிடறோம் சார், கீழ கேன்டீன்ல உக்காருங்க' என்றார் நர்ஸ். கேன்டீன் இரண்டாவது பேஸ்மென்ட்டில் இருந்தது. இட்லி சாப்பிட்டு, பேப்பரில் இரங்கல் விளம்பரம் வரை படித்துவிட்டு, முக்கால் மணி கழித்துத்தான் போனைப் பார்த்தேன். 'சேவை இல்லை.'

லிஃப்ட்டுக்குக் காத்திராமல் படியேறினேன். தரைத்தளத்துக்கு வந்ததும் வரிசையாக எஸ்.எம்.எஸ். ஏழு மிஸ்டு கால். துளை போட்டுச் செய்வது முடியவில்லை, வயிற்றைத் திறக்க வேண்டும், குடும்பத்தில் யாரிடமாவது சொல்லிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்று என்னைத் தேடியிருக்கிறார்கள். நல்லவேளை, அந்த நேரம் பார்த்து வந்த என் மைத்துனர் மகன் கையெழுத்துப் போட்டிருந்தான்.

பையன் பெங்களூரில் மொபைல் போனுக்கு உள்ளே ஓடும் மென்பொருள் எழுதுகிறவன். சாயங்காலம் வராந்தாவில், 'அந்த முக்கால் மணி நேரம் என் போன் என்னடா பண்ணிட்டு இருந்தது?' என்றேன்.

'தாளம் தேடிட்டு இருந்தது மாமா.'

கச்சேரிக்கு லேட்டாகப் போயிருப்பீர்கள். பாதிப் பல்லவி. முதலில் கேட்பதில் சமம் எங்கே என்று பிடிபடாது. நாலு ஆவர்த்தனம் பக்கத்து மாமியின் தொடையைக் கவனித்தால் (தாளத்துக்காக) சேர்ந்துகொள்ளலாம். போனும் அப்படித்தான். ஆன் செய்ததும் அதற்கு மணியும் தெரியாது, எந்த டவர் என்றும் தெரியாது. ஒவ்வொரு டவரும் விடாமல் ஒரு சின்ன அடையாள ஒலிக்கோவையை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. 5ஜியில் முதல் கோவை 3 வகை, இரண்டாவது 336 வகை. பெருக்கினால் 1008 அடையாளங்கள். முதல் தடவை தேடும்போது, 20 மில்லி செகண்டுக்கு ஒரு தடவை இது வரும் என்று நம்பித்தான் போன் காது கொடுக்கிறது. கேட்டுவிட்டால் நேரம், டவர் இரண்டும் தெரிந்துவிடும். அப்புறம்தான் உங்கள் 'ஹலோ'.

பேஸ்மென்ட்டில் கான்க்ரீட் தாண்டி அது வரவில்லை. அவ்வளவுதான். அதோடு விட்டிருக்கலாம். பையன், 'இப்ப புறம்போக்குலயும் தாளம் போடணும்னு கேக்கறாங்க மாமா, அதுதான் தலைவலி' என்றான்.

அலைவரிசையிலும் பட்டா நிலம், புறம்போக்கு உண்டு. பட்டாவுக்குக் காசு: 2010-ல் நம் 3ஜி ஏலத்தில் சுமார் 67,700 கோடி, 2022-ல் 5ஜிக்கு ஒன்றரை லட்சம் கோடி. புறம்போக்கு இலவசம். 1985-ல் அமெரிக்காவின் எஃப்.சி.சி. சில அலைவரிசைகளை லைசென்ஸ் இல்லாமல் யாரும் தகவல் தொடர்புக்கு உபயோகிக்கலாம் என்று விட்டது. மைக்ரோவேவ் அவன் போன்றவை இரைந்துகொண்டிருந்த, யாரும் அதிகம் விரும்பாத தரிசு. அதில்தான் பிற்பாடு வைஃபை, ப்ளூடூத் எல்லாம் முளைத்தன. இந்தியாவில் 2018-ல் 5 கிகா ஹெர்ட்ஸில் பெரும்பகுதி இப்படித் திறந்துவிடப்பட்டது.

தரிசில் பயிர் வந்ததும், பட்டாதாரர்களுக்கும் ஆசை வந்தது. 2014 வாக்கில் அமெரிக்காவில் செல்போன்காரர்கள் எல்.டி.ஈ. சிக்னலை வைஃபை இருக்கும் இடத்தில் இறக்கப் பார்க்க, வைஃபைக்காரர்கள் கூச்சலிட்டார்கள். நியாயமான கூச்சல். வைஃபை பேசுமுன் யாராவது பேசுகிறார்களா என்று கேட்டுவிட்டுப் பேசும், எல்.டி.ஈ. பட்டா நிலத்தில் வளர்ந்த பிள்ளை, அந்தப் பழக்கமே கிடையாது. சோதனை முறைகள் வகுத்து, சண்டை போட்டு, 2017 பிப்ரவரியில்தான் எஃப்.சி.சி. முதல் கருவிகளை அனுமதித்தது. இதற்கு நடுவில் 2016-ல் வந்த இன்னொரு தரநிர்ணயம், 'கேட்டுவிட்டுத்தான் பேச வேண்டும்' என்று விதித்தது. தாளம் மட்டும் பட்டா நிலத்து டவரிலிருந்து. புறம்போக்கில் கூடுதல் டேட்டா. எனக்கு இந்த ஏற்பாடு பிடித்திருந்தது.

2020-ல் முடிந்த 5ஜி விதிகள் இன்னும் ஒரு படி போய், பட்டாவே இல்லாமல் முழுக்கப் புறம்போக்கிலேயே குடியிருக்கலாம் என்றன. அப்போது தாளமும் அங்கேதான் போட வேண்டும். அடிக்கிற நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு வைஃபை சினிமா இறக்கிக்கொண்டிருந்தால்? டவர் கையைத் தூக்கியபடி நிற்க வேண்டியதுதான். போனுக்கோ குழப்பம். டவர் மரியாதைக்காகச் சும்மா இருக்கிறதா, இல்லை நாம்தான் பேஸ்மென்ட்டில் இருக்கிறோமா? மௌனம் இரண்டும் ஒரே மாதிரிதான் கேட்கும்.

இதற்குப் பொறியாளர்கள் கண்டுபிடித்த வழி சமத்காரமானது. ஒரே ஒரு இடத்தில் அடிக்காதே, 5 மில்லி செகண்டு ஜன்னல் ஒன்றைத் திற, அதற்குள் 20 இடம் வைத்துக்கொள் (சிலதில் 10), காற்று எங்கே காலியோ அங்கே அடி. ஆனால் நினைத்த இடத்தில் அடித்தால் தாளம் தப்பாதா? தப்பாது. அடியோடு 'நான் எத்தனையாவது இடம்' என்பதையும் சொல்லிவிடுகிறது. போன் கணக்குப் போட்டுச் சமத்தைக் கண்டுபிடித்துக்கொள்கிறது. ஒரு சலுகையும் உண்டு: 1 மில்லி செகண்டுக்கு மேல் போகாமல், மொத்த நேரத்தில் இருபதில் ஒரு பங்கைத் தாண்டாமல் அடித்தால், முன்னதாக 25 மைக்ரோ செகண்டு கேட்டால் போதும். டேட்டா அனுப்ப வேண்டுமென்றால் இன்னும் நீண்ட காத்திருப்பு. ஆம்புலன்ஸுக்கு வழிவிடுவதுபோல என்றான் பையன். நான் சங்கடமாகத் தியேட்டர் கதவைப் பார்த்தேன்.

மூன்றாம் நாள்தான் என் மனைவி தலையணையில் சாய்ந்து கஞ்சி குடித்தாள். கையெழுத்து விஷயம் அவளுக்குத் தெரிந்திருந்தது.

'எங்க போயிட்டீங்க?'

கான்க்ரீட், 1008, தாளம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

'இட்லி எப்படி இருந்தது?' என்றாள்.