அலமாரிச் சாவி

நம் தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் தலைமை ஆசிரியரின் மேஜைக்குப் பின்னால் ஓர் இரும்பு பீரோ நிற்கும். அதன் நெற்றியில் வெள்ளை வர்ணத்தால் 'நூலகம்' என்று எழுதியிருப்பார்கள். உள்ளே இருப்பவை நல்ல புத்தகங்களே. படம் போட்ட கதைகள், பறவைகளைப் பற்றிய நூல், ஓர் அகராதி, எல்லாம் சர்க்கார் செலவில் வந்தவை. சாவி மட்டும் தலைமை ஆசிரியரின் கொத்தில் இருக்கும். சில ஆண்டுகளாக அந்த பீரோவுக்குத் துணையாக ஒரு கணினியும் வந்து சேர்ந்திருக்கிறது. அதற்குப் பூட்டு இல்லை. தூசி படாமலிருக்க ஒரு துணி போர்த்தியிருக்கும். குழந்தைகளைப் பொறுத்தவரை பூட்டும் துணியும் ஒன்றுதான்.

ஆசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை. இருப்புப் பதிவேட்டில் 300 புத்தகம் என்று எழுதியிருந்தால், தணிக்கைக்கு வருபவர் 300 இருக்கிறதா என்றுதான் பார்ப்பார். இரண்டு குறைந்தால் விளக்கம் எழுத வேண்டும். எத்தனை குழந்தைகள் படித்தார்கள் என்று அவர் கேட்பது அபூர்வம். யாரும் கேட்காத கேள்விக்கு ஒருவர் எதற்காகப் பதில் தயார் செய்து வைப்பார்?

சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், கணக்கு வாத்தியாராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்து நூலகர் ஆனவர். 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவதே, புத்தகம் இருப்பது உபயோகத்திற்காக என்பதுதான். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகங்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்த கதையை அங்கே அவர் சொல்கிறார். அவரைப் பற்றி இன்னொரு செய்தி எனக்கு மிகவும் பிடிக்கும். லண்டனில் ஒரு பெரிய கடையில், தகடுகளைத் திருகாணியால் இணைத்து விதவிதமான உருவங்கள் செய்யும் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானைப் பார்த்தாராம். நூல்களை வகைப்படுத்தும் புதிய முறைக்கு அப்போதுதான் அவருக்கு வழி தோன்றியது. 1933இல் அச்சேறிய கோலன் பகுப்பு முறை இப்படி ஒரு பொம்மைக் கடையில் பிறந்தது. விளையாடுகிற வயதுக் குழந்தைக்கு நூலக விவகாரமெல்லாம் புரியாது என்று நாம் சொல்வது வேடிக்கையாக இல்லையா?

அது புரியும் என்பதை மன்னார்குடிப் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளியில் கண்ணால் பார்த்தேன். 1931இல் புத்தகங்களைச் சுமந்த மாட்டு வண்டி ஒன்று கிராமம் கிராமமாகப் போன வட்டாரம் அது. அந்தப் பள்ளி ஆசிரியை பீரோவைக் காலி செய்துவிட்டார். வகுப்பின் குறுக்கே, பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில், துணி காயப்போடுவது போலக் கயிறு கட்டி, புத்தகங்களை விரித்துத் தொங்கவிட்டிருந்தார்.

நான் போனபோது அகராதி விளையாட்டு நடந்துகொண்டிருந்தது.

"மழை, மலை, மனை. எது முதல்லே வரும்?"

"மழை!" என்றான் ஒரு பையன், யோசிக்காமல். நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி விரலை மடக்கி, "ய, ர, ல, வ, ழ, ள, ற, ன" என்று சொல்லிப் பார்த்துவிட்டு, "மலைதான் டீச்சர். அப்புறம் மழை. கடைசியிலே மனை" என்றாள்.

பிறகு அதே மூன்று சொற்களைக் கணினியில் ஏற்றச் சொன்னார். தமிழ் 99 விசைப்பலகையில் 'க'வைத் தட்டி 'இ'யைத் தட்டினால் 'கி' வந்துவிடும். மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் ஆவதைப் பிள்ளைகள் கண்ணெதிரே பார்க்கிறார்கள். சொற்களை வரிசைப்படுத்தச் சொன்னதும் யந்திரம் 'மனை'யை முதலில் வைத்தது. வகுப்பே சிரித்தது. "மிஷின் தப்புப் பண்ணிட்டுது டீச்சர்!" யந்திரத்துக்குள் தமிழ் எழுத்துகளுக்குக் கொடுத்திருக்கும் எண் வரிசையில் 'ந'வுக்கு அடுத்தே 'ன' வருகிறது. நம் முறையைத் தனியே சொல்லிக் கொடுக்காத மென்பொருள் அந்த எண்களின்படிதான் அடுக்கும். புத்தகத்தில் வரிசை கற்ற குழந்தைதான் அந்தப் பிசகைக் கண்டுபிடித்தது.

ஒரு பொடியன் கேட்டான்: "குடத்திலே கல்லுப் போட்ட காக்கா நிஜமா டீச்சர்?"

அவர் பதில் சொல்லவில்லை. "தேடு" என்றார். கயிற்றிலிருந்த பறவைப் புத்தகத்தில் அது இல்லை. கணினியில் தேடினால் முதலில் வந்தவையெல்லாம் பொம்மைப் படப் பாட்டுகள். "இவங்க கதை சொல்றவங்க. செஞ்சு பார்த்தவங்க யாராவது இருக்காங்களா?" என்றார். சொல்லை மாற்றி மாற்றித் தேடினார்கள். கடைசியில் கிடைத்தது. 2009இல் இங்கிலாந்தில் இரண்டு விஞ்ஞானிகள், காக்கை இனத்தைச் சேர்ந்த ரூக் என்ற பறவைகளின் எதிரே நீர் நிரப்பிய குழாய், அதில் மிதக்கும் புழு, பக்கத்தில் கற்கள் இவற்றை வைத்தார்கள். பறவைகள் கல்லைப் போட்டு நீர்மட்டத்தை உயர்த்திப் புழுவை எடுத்துவிட்டன. பொடியனுக்கு ஒரே சந்தோஷம். ஆனால் விரல் மடக்கிய பெண் விடவில்லை. "அது நம்ம ஊர்க் காக்கா இல்லையே. தாகத்துக்கும் போடலே. புழுவுக்குத்தானே போட்டுது?"

கதை எழுதிப் பிழைக்கும் எனக்கு அந்தக் கேள்வி சற்றே கலக்கம் தந்தது என்றாலும், அந்த வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும் என்றுதான் தோன்றியது.

ஏன் இதைப் பெரிதாகச் சொல்கிறேன்? 2018இல் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று கைபேசி வழியே பரவிய புரளியை நம்பி, திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். புரளியை ஒருவருக்கொருவர் அனுப்பியவர்களுக்குக் கைபேசியை இயக்கத் தெரிந்திருந்தது. யார் சொன்னது, யார் பார்த்தது என்று கேட்கத்தான் தெரியவில்லை. கயிற்றடியில் உட்கார்ந்து அந்தப் பெண் பழகிக்கொண்டிருப்பது இந்தக் கேள்வியைத்தான். நாளை அவள் வீட்டில், அப்பாவின் கைபேசிக்கு அப்படியொரு செய்தி வரும்போது கேட்பதற்கு ஒரு வாய் இருக்கும்.

இதற்கு அதிகச் செலவு இல்லை. வாரம் ஒரு பாடவேளையை இதற்கென்று ஒதுக்கி, அதைக் கணக்குப் பாடம் விழுங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆண்டுக்குச் சில புத்தகங்கள் கிழியும், தொலையும் என்பதை விதியிலேயே ஒப்புக்கொண்டு, ஆசிரியரை அந்தப் பயத்திலிருந்து விடுவிக்க வேண்டும்.

அந்த ஆசிரியையிடம், "எத்தனை புத்தகம் தொலைந்தது?" என்று கேட்டேன்.

"ஒன்பது சார். எந்த எந்த வீட்டில் இருக்கு என்று எனக்குத் தெரியும். அந்த வீடுகளில் வேறே புத்தகம் கிடையாது" என்றார்.