கடைக் கணக்கும் வீட்டுக் கணக்கும்

மேலப்பாளையத்தில் எங்கள் கடை பெரிய கடையன்று. புர்காவும் தொழுகைக்கான மக்கனாவும் தைத்து விற்கும் ஓர் அறை. வீட்டின் பின்கட்டில் இரண்டு தையல் இயந்திரங்கள். இருபது ஆண்டுகள் என் கணவர்தாம் அதைக் கவனித்து வந்தார். 2021 ஜனவரியில் அவரைப் பக்கவாதம் தாக்கியது. வலக்கையும் வலக்காலும் செயலிழந்தன; பேச்சும் குழறிவிட்டது. மார்ச் மாதத்தில் கடையின் உரிமமும் வங்கிக் கணக்கும் என் பெயருக்கு மாறின.

அதுவரை பெண்பிள்ளைகளுக்கு மத்ரஸாவில் ஓதிக் கொடுப்பதும் வீட்டைப் பேணுவதுமே என் உலகமாக இருந்தது. அஞ்சல் வழியில் வரலாறு படித்துப் பட்டம் பெற்றவள் நான். மன்னர்கள் விதித்த வரிகளைப் பற்றித் தேர்வில் எழுதியிருக்கிறேன். நானே வரி செலுத்த வேண்டியவளாவேன் என்று ஒருநாளும் எண்ணியதில்லை.

2022 ஜூலை. வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய அம்மாதம் 31 கடைசி நாள். என் கணவர் காலத்திலிருந்தே எங்களுக்குக் கணக்கெழுதும் பெரியவர் ஏடுகளைக் கூட்டிப் பார்த்தார். மத்ரஸா ஊதியத்தில் நிலைக்கழிவு போக மிஞ்சியதையும் சேர்த்து, என் ஆண்டு வருமானம் 6,21,000 ரூபாய் என்றார். அதற்கு 38,168 ரூபாய் வரி. கேட்டதும் என் முகம் வாடியிருக்க வேண்டும்.

“அம்மா, மருத்துவமனைக்கு இந்த ஆண்டு எவ்வளவு ஆயிற்று?” என்று வினவினார்.

“ஓர் இலட்சத்து எண்பதாயிரம், ஐயா.”

“அதைத் தையற்கூலி, கடைப் பராமரிப்பு என்று பிரித்து எழுதிவிடலாம். யாருக்கு என்ன நட்டம்? இல்லையென்றால், நடந்த வியாபாரத்தில் நூற்றுக்கு எட்டு இலாபம் என்று காட்டலாம். சிறு வணிகருக்குச் சட்டமே அந்த வழியைக் கொடுத்திருக்கிறது.”

வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன், அவர் சொல் எனக்கு இனித்தது. மருந்துச் சீட்டுகளைப் பார்க்கும்போதெல்லாம் அது நியாயமென்றே தோன்றியது. திருடியா செலவழித்தேன்? கட்டிய கணவருக்கல்லவா செலவழித்தேன்?

மறுநாள் காலை மத்ரஸாவில் ‘முதஃப்பிஃபீன்’ அத்தியாயம் பாடமாக வந்தது. அளவையில் குறைப்பவர்களைப் பற்றிய அத்தியாயம் அது. குறைப்பது என்றால் என்னவென்று ஒரு சிறுமி கேட்டாள். “ஐந்து மீட்டர் துணிக்குக் காசு வாங்கிக்கொண்டு, நாலரை மீட்டரில் தைத்துக் கொடுப்பது” என்று எங்கள் கடையையே உவமையாக்கிச் சொன்னேன். சொல்லி முடிக்கும்போது என் நாவு தடுமாறியது. மாலையில் பெரியவரிடம், “அப்படி எழுத வேண்டாம், ஐயா” என்று சொல்லிவிட்டேன். எட்டு விழுக்காட்டு வழி சட்டத்தில் உள்ளதுதான். ஆனால் அது, குறைந்தது இவ்வளவேனும் காட்டுக என்னும் அளவு. மிகுதியாக ஈட்டியிருந்தால் மிகுதியைக் காட்டலாம் என்பதும் அதே விதியில் உண்டு. ஏட்டில் இலாபம் தெளிவாகத் தெரியும்போது, தெரியாதவள்போல் எட்டு என்று எழுத என் மனம் ஒப்பவில்லை. மகளுக்கென்று சேர்த்திருந்த தொகையிலிருந்து வரியைக் கட்டுவது என்று முடிவு செய்தேன்.

கட்டுவதற்கு முன் எவரேனும் ஒருமுறை பார்க்கட்டும் என்று, என்னிடம் ஓதிய பெண்ணொருத்தியை அழைத்தேன். அவள் இப்பொழுது ஓர் ஆடிட்டரிடம் பயிற்சி பெறுகிறாள். ஏடுகளைப் புரட்டியவள், “உஸ்தாபி, எழுதக்கூடாததை எழுதாமல் விட்டீர்கள், சரி. எழுத வேண்டியதையும் விட்டிருக்கிறீர்களே!” என்றாள்.

தொழிலுக்காக மட்டுமே செய்த செலவு எதுவாயினும் வருமானத்திலிருந்து கழிக்கத் தக்கது என்பதே அடிப்படை என்று விளக்கினாள். கடை வாடகை, தையற்கூலி, நூல், பொத்தான் ஆகியவை ஏட்டில் இருந்தன. பின்கட்டு இயந்திரங்கள் ஓடும் மின்சாரம் வீட்டுக் கட்டணத்தோடு கலந்து கிடந்தது. அதில் மூன்றில் ஒரு பங்கு தொழிலுக்குரியது என்று கணக்கிட்டதில் 9,600 ரூபாய். இயந்திரப் பழுதுக்கு 6,500. பெருநாளைக்குத் தையற்காரப் பெண்களுக்குக் கொடுத்த 13,000. என் பிள்ளைகளுக்கு எடுத்த பெருநாள் துணி அதில் சேராது. அது வீட்டுச் செலவு. ஆகஸ்டில் 38,000 ரூபாய்க்கு வாங்கிய ஓவர்லாக் இயந்திரத்தின் விலை முழுவதையும் ஓராண்டில் கழிக்க இயலாது. தேய்மானமாக நூற்றுக்குப் பதினைந்து, அதாவது 5,700 ரூபாய் கழிக்கலாம். அந்த ஆண்டில் 180 நாட்களுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் அதிலும் பாதிதான்.

“ஈரோட்டிலிருந்து துணி வந்த பார்சல் கூலிக்கு ரசீது உண்டா?” என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. கட்டிலில் படுத்திருந்த என் கணவர் ஏதோ சொல்ல முயன்று, இடக்கையால் கட்டிலின் அடியைச் சுட்டினார். குனிந்து பார்த்தால் ஒரு பிஸ்கட் டப்பா. பார்சல் கொண்டுவந்த பையன் வீட்டில் கொடுத்துப் போன ரசீதுகளையெல்லாம், ஓராண்டாக அந்த ஒற்றைக் கையால் அதில் போட்டு வைத்திருக்கிறார். மொத்தம் 14,200 ரூபாய். கடையை நான் தனியாகத் தாங்குகிறேன் என்று எண்ணியிருந்தேன். அன்று என் கண்கள் கலங்கின.

இவ்வாறு 49,000 ரூபாய் குறைந்து வருமானம் 5,72,000 ஆயிற்று. வரி 27,976. அப்போதுதான் அவள், “மாமாவுக்கு ஊனச் சான்றிதழ் வாங்கினீர்களா?” என்றாள். பிப்ரவரியில் அரசு மருத்துவர் குழு கொடுத்த சான்றிதழ் பெட்டியில் இருந்தது. வருமான வரிச் சட்டத்தின் 80டிடி என்னும் பிரிவின்படி, தம்மைச் சார்ந்து வாழும் மாற்றுத்திறனாளியான வாழ்க்கைத் துணையின் மருத்துவத்துக்குச் செலவு செய்பவர் 75,000 ரூபாயைக் கழிக்கலாம். ஊனம் நூற்றுக்கு 40 என்னும் அளவேனும் இருத்தல் வேண்டும். 80 அளவோ அதற்கு மேலோ ஆனால் கழிவு 1,25,000. எங்களுக்கு 75,000 கிடைத்தது. வருமானம் 4,97,000ஆக இறங்கியது. ஐந்து இலட்சத்தைத் தாண்டாதவர்களுக்கு அன்றிருந்த தள்ளுபடியால் வரி முற்றிலும் நீங்கியது.

பொய்க் கணக்கு எழுதியிருந்தாலும் வரி இல்லாமல் போயிருக்கும். ஆனால் எவரேனும் கதவைத் தட்டும்போதெல்லாம் நெஞ்சு பதைத்திருக்கும். மேலும், சட்டம் தந்த அந்த உரிமையை நான் அறிந்துகொண்டிருக்கவே மாட்டேன்.

அதன்பின் சில விதிகள் மாறின. 2023-24 நிதியாண்டு முதல் புதிய வரிமுறையே இயல்பான முறையாயிற்று. அதில் 80டிடி கழிவு இல்லை. பழைய முறையை வேண்டுவோர் அதைத் தெரிவித்தே பெற வேண்டும். 2025-26ஆம் ஆண்டுக்குப் புதிய முறையில் 12 இலட்சம் வரையிலான வருமானத்துக்குத் தள்ளுபடி உள்ளதால், என் போன்றோருக்கு வரி வருவதில்லை. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025இல் இயற்றிய சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குரியது. பிரிவு எண்கள் மாறுகின்றன. ஆயினும் தொழிற்செலவு வேறு, வீட்டுச் செலவு வேறு என்னும் கோட்பாடு மாறவில்லை.

வீட்டிலிருந்தபடியே தொழில் செய்யும் சகோதரிகளுக்கு நான் கூறுவது இதுதான். இரண்டு டப்பாக்கள் வையுங்கள். ஒன்று கடைக்கு, ஒன்று வீட்டுக்கு. ரசீதை அன்றே அதற்குரிய டப்பாவில் போடுங்கள். ஒரே நாளில் ஒருவருக்குப் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், கழிவு மறுக்கப்படலாம். வங்கி வழியே கொடுங்கள். கடையிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ளும் பணம் சம்பளமன்று. அது செலவில் சேராது. ஜகாத்தைத் தொழிற்செலவாக எழுதாதீர்கள், அது வணக்கம். செலுத்திய வரியை ஜகாத்தாகவும் எண்ணாதீர்கள்.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம், கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. அதைப் பல்லாண்டுகள் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்தேன். அதன்படி நடந்து காட்டியவர், பேச இயலாமல் கட்டிலில் கிடந்த என் கணவர். அந்த டப்பா இன்றும் அவர் கைக்கெட்டும் இடத்தில்தான் இருக்கிறது. நம் அனைவரின் தொழிலிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக!