மலையைப் பாரு, தண்ணியைப் பாரு!

ராஜபாளையம் என்றதும் முதலில் நாய் ஞாபகம் வரும். அப்புறம் நூல் மில். ஊருக்கு மேற்கே பத்துக் கிலோமீட்டர் சொச்சம் போனால், மலையடிவாரத்தில் நீர்காத்த அய்யனார் கோவில். மரநிழல், பாறை, பாறைக்கு நடுவே ஆறு. ஞாயிற்றுக்கிழமையானால் பைக்கில் வந்திறங்கி, பேண்ட்டை முழங்கால்வரை மடித்துக்கொண்டு தண்ணீரில் நிற்கும் ஆபீஸ் கூட்டம்.

கிளம்புமுன் செல்போனில் ‘இன்றைக்கு மழை உண்டா?’ என்று பார்த்திருப்பார்கள். ‘இல்லை’ என்று வந்திருக்கும். வாஸ்தவம்தான், ஊரில் இல்லை! இங்கே ஆளை இழுத்துப்போகிற மழை நம் தலையில் பெய்வதில்லை சார், மேலே மலையில் பெய்கிறது. உச்சியில் வரவு, அடிவாரத்தில் செலவு. நடுவே பாறைச் சரிவு. தண்ணீர் மண்ணில் ஊற நேரமே கிடையாது.

ஆகவே, முதலில் மலையைப் பாருங்கள். ஆனி, ஆடியில் முகட்டில் மேகம் பஞ்சுப் பொதி மாதிரி உட்கார்ந்திருக்கும். பெரும்பாலும் கேரளா பக்கம் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது சூடாகிக் கரைந்துவிடும். நமக்குக் காற்றும் கொஞ்சம் சாரலும்தான் மிச்சம். சித்திரை வெயிலிலும், ஐப்பசி கார்த்திகையிலும் கதையே வேறு. காலையில் வானம் பளிச்சென்று இருக்கும். மத்தியானத்துக்கு மேல் மேகம் கோபுரமாக வளர்ந்து அடிவயிறு கறுத்தால், மூட்டையைக் கட்டவேண்டியதுதான். மின்னல் தெரிந்தால் எண்ணுங்கள்: மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணுமுன் இடி கேட்டால், இடிமழை பத்துக் கிலோமீட்டருக்குள் வந்தாச்சு!

மரம் மறைத்து மலை தெரியவில்லையா? தண்ணீரைப் பாருங்கள். கண்ணாடியாக ஓடியது கலங்கும். சருகும் சுள்ளியும் மிதந்து வரும். சற்றுமுன் உட்கார்ந்திருந்த கல் முங்கும். மேலே பாறைப் பக்கம் உறுமல் கேட்கும். இவ்வளவும் நடக்கும்போது நம் தலைக்கு மேல் வெயில் அடிக்கலாம்.

விளையாட்டில்லை. இதே மலைத்தொடரில் சதுரகிரியில் 2015 மே மாதம் திடீர் வெள்ளம் பக்தர்களின் உயிரைக் குடித்தது. அய்யனார் கோவில் ஆற்றிலும் அக்கரையில் சிக்கியவர்களைத் தீயணைப்புத் துறையினர் கயிறு கட்டி மீட்ட சம்பவங்கள் உண்டு.

அதனால், தண்ணீர் நிறம் மாறியதும் சோப்பு டப்பாவைத் தேடாதீர்கள். சட்டென்று மேடேறுங்கள். அக்கரையில் இருந்தால், வெள்ளம் வடியும்வரை அங்கேயே இருங்கள். ‘ஒரே தாவு’ என்று இறங்கவேண்டாம். திங்கட்கிழமை ஆபீசுக்கு லேட்டாகப் போனால் மேனேஜர் திட்டுவார். திட்டட்டுமே!