ஹப்பிளுக்கும் கண்ணாடி!



"அறிவியல் பக்கத்துக்கு ஒரு கட்டுரை எழுதிக் குடுடா" என்று சார் கேட்டதும், விண்வெளித் தொலைநோக்கி பற்றி எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். அப்புறம்தான் யோசித்தேன். அதை எழுதினால் என் ரகசியம் ஒன்றையும் சேர்த்து எழுதியாக வேண்டும். பரவாயில்லை, எழுதிவிடுகிறேன். சிரிக்க நினைப்பவர்கள் கடைசி வரை படித்துவிட்டுச் சிரியுங்கள்.

நான் எட்டாம் வகுப்பு படித்தபோது ஒரு கண் பரிசோதனை முகாம் நடந்தது. எழுத்து அட்டையைச் சுவரில் மாட்டி ஒவ்வொருவராகப் படிக்கச் சொன்னார்கள். வரிசையில் எனக்கு முன்னால் பத்துப் பேர். பத்துப் பேரும் ஒரே எழுத்துகளைத்தானே படிக்கிறார்கள்! என் முறை வருவதற்குள் எல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது. மேலே இருந்த பெரிய எழுத்தைத் தவிர மற்றதெல்லாம் எனக்கு எறும்பு ஊர்வது போலத்தான் தெரிந்தது. ஆனாலும் கடகடவென்று ஒப்பித்தேன். "பார்வை நார்மல்" என்று எழுதிக்கொண்டார்கள். பெரிய சாதனை செய்ததாக எனக்குள் சந்தோஷம்.

ஏன் அப்படிச் செய்தேன்? எங்கள் வகுப்பில் தடிமனான கண்ணாடி போட்ட ஒருவன் இருந்தான். அவனுக்கு 'சோடாபுட்டி' என்று பட்டப்பெயர். அந்தப் பெயரை வைத்தவனே நான்தான். நான் கண்ணாடி போட்டால் அதே பெயர் எனக்கும் வரும் என்ற பயம். அவ்வளவுதான் காரணம்.

அடுத்த வருடம் கணக்கு டெஸ்டில் மாட்டிக்கொண்டேன். சார் கேள்விகளைப் போர்டில் எழுதிப் போட்டார். நான் பார்த்துப் பார்த்துப் போட்டேன். நூற்றுக்கு நூறு வரும் என்று நினைத்தேன். வந்தது இருபத்திரண்டு. சார் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு, "டேய், ஸ்டெப் எல்லாம் சரி. ஒரு அடித்தல் திருத்தல் கூட இல்ல. ஆனா நீ போட்டது நான் குடுத்த கணக்கே இல்லையேடா!" என்றார். 8-ஐ 3 என்றும், 6-ஐ 0 என்றும் எழுதியிருந்தேன். வகுப்பே சிரித்தது. 'சோடாபுட்டி' மட்டும் சிரிக்கவில்லை.

அன்று மாலை அறிவியல் சார் என்னைக் கூப்பிட்டார். திட்டப் போகிறார் என்று பயந்துகொண்டே போனேன். அவர் ஒரு கதை சொன்னார். அதுதான் ஹப்பிள் கதை.

விண்மீன்கள் மினுக்மினுக்கென்று தெரிவதற்குக் காரணம் நம் தலைக்கு மேல் இருக்கும் காற்று. அழகாக இருந்தாலும், ஆராய்ச்சி செய்பவர்களுக்கு அது தொந்தரவு. அதனால் காற்றுக்கு மேலேயே ஒரு தொலைநோக்கியை வைக்க நினைத்தார்கள். அமெரிக்காவின் நாசாவும் ஐரோப்பிய விண்வெளி அமைப்பும் சேர்ந்து செய்த ஹப்பிள் தொலைநோக்கி 1990 ஏப்ரல் 24 அன்று டிஸ்கவரி விண்ணோடத்தில் புறப்பட்டது. சுமார் 600 கிலோமீட்டர் உயரத்தில் அதைச் சுற்றவிட்டார்கள். அதன் முக்கியக் கண்ணாடியின் விட்டம் 2.4 மீட்டர். உலகமே முதல் படங்களுக்குக் காத்திருந்தது.

வந்த படங்களில் விண்மீன்கள் கூர்மையான புள்ளிகளாக இல்லை. ஒவ்வொன்றையும் சுற்றி மங்கலாக ஒரு வட்டம். ஆராய்ந்து பார்த்தபோது, கண்ணாடியின் ஓரம் சுமார் 2 மைக்ரான் அளவுக்குக் கூடுதலாகத் தேய்க்கப்பட்டிருந்தது தெரிந்தது. நம் தலைமுடியின் தடிமனில் ஐம்பதில் ஒரு பங்குதான்! அந்தத் துளி வித்தியாசத்தால் ஒளி ஒரே இடத்தில் குவியவில்லை. இதற்குக் கோளப் பிறழ்ச்சி என்று பெயர்.

இவ்வளவு பெரிய விஞ்ஞானிகள் சோதிக்காமலா அனுப்பினார்கள்? சோதித்தார்கள். ஆனால் சோதித்த கருவியிலேயே ஒரு லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் இடம் மாறி இருந்தது. அந்தத் தப்பான கருவி சொன்னபடி கண்ணாடியை மிக மிகச் சரியாக இழைத்துவிட்டார்கள். வேறு சோதனைகள் "ஏதோ தப்பு இருக்கு" என்று காட்டின. அவற்றை யாரும் நம்பவில்லை.

இதைச் சொல்லிவிட்டு சார் என்னைப் பார்த்தார். எனக்குத் தலை நிமிரவில்லை. ஸ்டெப் எல்லாம் சரி, கணக்கே தப்பு! கண் முகாமில் நான் செய்ததும் அதுதானே? அங்கே அட்டையில் தப்பில்லை. நான்தான் சோதனையையே கெடுத்துவிட்டு, "நார்மல்" என்று வந்த பதிலைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். நோட்டுப் புத்தகம் ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டே இருந்தது. நான் கேட்கவில்லை.

"அப்புறம் என்ன சார் ஆச்சு?" என்று கேட்டேன்.

"கண்ணாடி போட்டாங்கடா" என்றார்.

நிஜமாகவே அப்படித்தான்! தப்பு எவ்வளவு என்று துல்லியமாகக் கணக்கிட்டுவிட்டால், அதே அளவு எதிர்த் தப்பு உள்ள கண்ணாடிகளைச் செய்து ஒளியின் பாதையில் வைக்கலாம். இரண்டும் சேர்ந்து சரியாகிவிடும். 1993 டிசம்பரில் எண்டெவர் விண்ணோடத்தில் ஏழு பேர் போனார்கள். ஐந்து முறை விண்வெளியில் இறங்கி வேலை பார்த்தார்கள். கோஸ்டார் என்ற பெட்டியை உள்ளே பொருத்தினார்கள். அதில் காசு அளவே உள்ள சின்னச் சின்னக் கண்ணாடிகள். தன்னுள்ளேயே திருத்தம் செய்யப்பட்ட ஒரு புதிய கேமராவையும் மாட்டினார்கள். அடுத்து வந்த படங்கள் பளிச்சென்று இருந்தன. சாருடைய கணக்கில் ஹப்பிளும் ஒரு சோடாபுட்டிதான்!

இனிமேல்தான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. 1995-ல் ஹப்பிள் மையத்தின் இயக்குநராக இருந்தவர் ராபர்ட் வில்லியம்ஸ். சப்தரிஷி மண்டலத்தில் ஒன்றுமே இல்லாதது போலத் தெரிந்த ஒரு சின்ன இருட்டு இடத்தைத் தேர்ந்தெடுத்தார். நூறு மீட்டர் தூரத்தில் ஒரு டென்னிஸ் பந்தை வைத்தால் எவ்வளவு தெரியுமோ, அவ்வளவு இடம்தான். சில வானியலாளர்கள் வேண்டாம் என்றார்கள். ஒன்றும் தெரியாவிட்டால் மானம் போய்விடும், ஏற்கெனவே ஒரு முறை ஊர் சிரித்தாயிற்று. ஆனாலும் அவர் விடவில்லை. டிசம்பர் 18 முதல் 28 வரை அந்த ஒரே இடத்தை ஹப்பிள் பார்த்துக்கொண்டே இருந்தது. 342 படங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்தபோது அந்த வெற்றிடத்தில் ஏறத்தாழ 3000 விண்மீன் திரள்கள்! நண்பர்களே, அவை தனித்தனி விண்மீன்கள் அல்ல. நம் பால்வெளி போன்ற திரள்கள். ஒரு பெரிய திரளில் கோடிக்கணக்கான விண்மீன்கள் இருக்கும்.

அந்தப் படத்தை சார் எனக்குக் காட்டினார். எனக்கு மங்கலாகத்தான் தெரிந்தது. கிட்டே கொண்டுபோய் மூக்கு படுகிற மாதிரி வைத்துப் பார்த்தேன். அப்போதுதான் வீட்டில் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

அன்று இரவு அம்மாவிடம் சொன்னேன். அம்மா அடிக்கவில்லை. "ஏண்டா இத்தனை நாளா சொல்லல?" என்று அழுதுவிட்டார்கள். அடி வாங்கியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

கண்ணாடி வந்த அன்று மொட்டை மாடிக்குப் போனேன். ஒரு விண்மீன் என்றால் பூ மாதிரி மங்கலாக விரிந்து இருப்பது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அது ஒரு புள்ளி! ஊசி முனை மாதிரி ஒரு புள்ளி! கண்ணாடியைக் கழற்றினேன், மாட்டினேன், கழற்றினேன், மாட்டினேன். கீழே இருந்து அம்மா சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

ஹப்பிளுக்குப் பிறகு 2021 டிசம்பர் 25 அன்று ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி புறப்பட்டது. அது இருப்பது சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில். யாரும் போய்க் கண்ணாடி மாட்ட முடியாது. அதனால் தங்கம் பூசிய அதன் 18 கண்ணாடித் துண்டுகளையும் அங்கேயே அசைத்துச் சரிசெய்யும்படி செய்தார்கள். முதலில் ஒரே விண்மீன் 18 புள்ளிகளாகத் தெரிந்தது. பொறுமையாகத் திருத்தி, 2022-ல் ஒரே புள்ளியாக ஆக்கினார்கள். அந்த விண்மீன் இருப்பதும் அதே சப்தரிஷி மண்டலத்தில்தான். 2024-ல் வெப் மூலம் அறிவிக்கப்பட்ட ஒரு திரளின் ஒளி, பிரபஞ்சம் தோன்றி 29 கோடி வருடங்களே ஆகியிருந்தபோது புறப்பட்டது. 1350 கோடி வருடம் பயணம் செய்து வந்த ஒளி அது!

எதிர்பார்த்தபடி எனக்கும் 'சோடாபுட்டி' என்று பெயர் வந்தது. இரண்டு நாள் கூப்பிட்டார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். ஆனால் நான் அந்தப் பெயர் வைத்தவன் அதை இரண்டு வருடம் சுமந்தான். அவனிடம் நேரில் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவன் பெயரையும் இங்கே எழுதவில்லை, அது அவனுக்குத் தெரியும். எல்லோரும் பார்க்க வைத்த பெயருக்கு எல்லோரும் பார்க்கத்தானே மன்னிப்புக் கேட்க வேண்டும்? மன்னிச்சுக்கடா.

கடைசியாக ஒன்று. அடுத்த கண் முகாம் வரும்போது வரிசையில் நின்று மனப்பாடம் செய்யாதீர்கள். தெரியாவிட்டால் "தெரியல சார்" என்று சொல்லிவிடுங்கள்.



– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு, இப்போதும் முதல் பெஞ்ச்