கத்திரி வெயிலும் பழைய தாரும்

சென்னையின் தென்பகுதியில் மடிப்பாக்கம் போன்ற தாழ்வான பிரதேசங்களில் வீடு கட்டிக் குடியேறியவர்கள் வெகுகாலமாகச் சொல்லிவந்த முறையீடு ஒன்று உண்டு. சாலை பழுதுபடும்போதெல்லாம் பழைய தாரின் மேலேயே புதிய தாரைப் பரப்பிவிட்டுப் போவது சம்பிரதாயமாகிவிட்டபடியால், வீதி உயர உயர வீடுகள் இருந்த இடத்திலேயே பள்ளத்தில் இறங்கின. மழைக்காலத்துத் தண்ணீரும் படியேறும் சிரமமின்றி நேராகக் கூடத்துக்குள் பிரவேசித்தது. 2021-ஆம் ஆண்டில் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டே புதிய சாலை போடவேண்டும் என்று உத்தரவிட்ட பிறகு, மில்லிங் இயந்திரம் நகரவாசிகளுக்கு நன்கு பரிச்சயமாயிற்று. உருளையைச் சுற்றிலும் டங்ஸ்டன் கார்பைடு முனை வைத்த பற்களோடு அது ஊர்ந்து செல்கையில், பல வருஷங்கள் பஸ்ஸையும் லாரியையும் சுமந்து கிடந்த சாலை, கருந்தூளும் சிறு கட்டிகளுமாகப் பெயர்ந்து வண்டியில் விழுகிறது. அந்தச் சரக்கை விலைக்கு வாங்கி வீட்டு வாசலுக்கு வண்டிப்பாதை போடுகிறார்கள் என்று கேள்வியுற்று, அதைப் பிரத்தியட்சமாகக் காணும் ஆவலோடு, அக்கினி நட்சத்திரம் தொடங்கியிருந்த ஒரு காலையில் மடிப்பாக்கத்துச் சந்து ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

வீட்டுக்காரர் ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்ற பெரியவர். கேட்டிலிருந்து கார் கொட்டகை வரையிலான பாதையில் விரிசல் கண்டிருந்த சிமெண்டைப் பெயர்த்து, கிராவல் பரப்பி, ஆட்கள் ஏற்கெனவே இறுக்கியிருந்தார்கள். திருவண்ணாமலைப் பக்கத்து மேஸ்திரி ஒருவர், இரண்டு இளைஞர்கள், இரண்டு பெண்கள், அவ்வளவுதான் படை. ஓரத்தில் குவிந்திருந்த சரக்கில் ஒரு பிடி அள்ளிப் பார்த்தேன். மங்கிய கருமை பூண்ட ஜல்லியும் மணலும் உதிரியாக விரலிடுக்கில் சரிந்தனவேயன்றிக் கையில் ஒட்டவில்லை. தார் வாசனைகூட இல்லை. இதற்குப் பிடிப்பு ஏது என்ற என் சந்தேகத்தை முகத்திலேயே வாசித்தவர்போல மேஸ்திரி சொன்னார்: “உச்சி வெயில் வரட்டும் சார், அப்புறம் தொட்டுப் பாருங்க.”

அவர் அனுபவத்தால் அறிந்திருந்ததற்குக் காரணம் இரசாயனத்தில் இருக்கிறது. சுரண்டி எடுத்த சரக்கின் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் பழைய தார் எஞ்சியிருக்கும். காற்றிலுள்ள பிராணவாயுவோடு ஆண்டுக்கணக்கில் சேர்ந்து சேர்ந்து அது கெட்டிப்பட்டிருக்குமே தவிர, செத்துப்போவதில்லை. பெரிய சாலைகளுக்கு இதையே ஆலையில் சூடேற்றிப் புதுத் தாரோடு கலந்து உபயோகிக்கிறார்கள். அதற்கான வழிமுறைகளை இந்தியச் சாலைப் பேராயம் 2015-இல் வெளியிட்டிருக்கிறது. வீட்டு வாசலுக்கு ஆலையும் இல்லை, அடுப்பும் இல்லை; சூரியனே அடுப்பு. சித்திரை வெயிலில் கறுத்த தரை அறுபது டிகிரியைத் தொடும்போது, பழைய தார் சற்றே இளகி, அழுத்தம் கிடைத்த இடங்களில் கல்லுக்குக் கல் பற்றிக்கொள்கிறது. மார்கழியில் இந்த வேலைக்கு யார் கூப்பிட்டாலும் தாம் போவதில்லை என்று மேஸ்திரி சொன்னதன் தாற்பரியம் இதுவே.

ஆனால் அன்று காலைப்பொழுதின் பெரும்பகுதியை அவர் தாருக்குச் செலவிடவில்லை, வாட்டத்துக்கே செலவிட்டார். தண்ணீர் நிரப்பிய டியூபை இரு முனையிலும் பிடித்து மட்டம் பார்த்து, நூல் கட்டி, பத்தடிக்கு இரண்டரை அங்குலம் தெருப்பக்கம் சாய்கிறதா என்று அளந்து, திருப்தியில்லாமல் ஒரு சொம்புத் தண்ணீரைத் தரையில் ஊற்றி அது போகும் போக்கைக் குந்தி உட்கார்ந்து பார்த்தார். தண்ணீர் நடுவில் தயங்கி நின்றது. “இங்க ஒரு விரக்கடை எடுடா” என்றார். தண்ணீர் தேங்கும் இடத்தில்தான் எந்தத் தார்ப்பாதையும் முதலில் அழிகிறது என்பதை எஞ்சினியர்கள் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள்; அந்தச் சொம்பு அதை ஒரு க்ஷணத்தில் சொல்லிவிட்டது.

இளைஞர்களால் ‘அக்கா’ என்று அழைக்கப்பட்ட மூத்த பெண்மணியின் கைத்திறனையே நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தலையில் சுமந்து வந்த பாண்டை, மற்றவர் போல இடுப்பு உயரத்திலிருந்து கவிழ்க்காமல், முழங்கால் அளவுக்குக் குனிந்து, மணிக்கட்டை ஒரு சுழற்றுச் சுழற்றிச் சரக்கை விசிறியாக விரித்தாள். உயரத்திலிருந்து கொட்டினால் பருங்கற்கள் ஓரத்துக்கு உருண்டோட, தூள் மட்டும் நடுவில் தங்கும். பருங்கல் சேர்ந்த இடம் பிடிப்பின்றிப் பெயரும், தூள் சேர்ந்த இடம் மழையில் கரையும். எலுமிச்சம்பழத்துக்கு மேற்பட்ட கட்டிகளைக் காலாலேயே ஒதுக்கித் தள்ளினாள். இவ்வளவு நுட்பம் தெரிந்தவளுக்கு ஆண்களைவிடக் குறைந்த கூலி எதற்கு என்று கேட்டேன். “பொம்பளை ஆளுக்கு அப்படித்தான் சார் ரேட்டு” என்று மேஸ்திரி கூச்சமின்றிச் சொன்னார், எனக்குத்தான் கூச்சமாயிருந்தது. அவளோ வேறு விஷயம் பேசினாள்: “இது பரவாயில்ல சார். சுடுகலவைன்னா புகையில கண்ணு எரியும், கால்ல சாக்கு சுத்திக்கிட்டாலும் கொப்புளம் போடும்.”

மூன்றங்குலம் பரப்பி, தண்ணீர் தெளித்து, வாடகைக்கு வந்த அதிர்வு இயந்திரத்தால் இறுக்கி, அதன்மேல் இன்னொரு படை. இயந்திரம் எட்டாத மதில் ஓரங்களைத் திமிசுக்கட்டையால் இடித்தார்கள். இடையில் பெரியவர், மேலே டீசல் தெளித்தால் நன்றாக ஒட்டுமாமே என்று யாரோ சொல்லக் கேட்டதைப் பிரஸ்தாபித்தார். மேஸ்திரி ஒரே வாக்கில் மறுத்தார்: “ஒட்டாதுங்க ஐயா, கரையும். உங்க போர் தண்ணியிலயும் வாடை வரும்.” டீசல் தாரைக் கரைத்து வலுவிழக்கச் செய்வதும் மண்ணில் இறங்குவதும் உண்மையாதலால், அந்த யோசனையை எங்கே கேட்டாலும் நிராகரிப்பதே உத்தமம் என்பது என் அபிப்பிராயமும்.

பிற்பகல் இரண்டு மணிக்குமேல் பாதையில் கட்டைவிரலை அழுத்தினேன்; மெல்லிய கறுப்பு ரேகை விரலில் ஒட்டியது. புதுத் தாரின் வழுவழுப்பு இதற்கு வராது. முதல் சில வாரங்களுக்கு மேலே உதிரிக் கற்கள் அரைபட்டுக்கொண்டிருக்கும். நின்ற வண்டியில் ஸ்டியரிங்கை முறுக்கினால் அந்த இடம் கிளம்பிவிடும். இவற்றையெல்லாம் மேஸ்திரி ஒன்று விடாமல் எடுத்துச் சொல்லி, கத்திரி கழியும்வரை கனமான வண்டி உள்ளே வரக்கூடாது என்று முடித்தபோது, பெரியவர் முகம் வாடியது. மறுநாள் காலையில் தண்ணீர் லாரி வரவேண்டிய முறை; தொட்டியோ கொட்டகைக்குப் பின்னால்.

“லாரி தெருவுலயே நிக்கட்டும் ஐயா, குழாயை நீட்டச் சொல்லுங்க” என்றார் மேஸ்திரி. அவ்வளவு நீளக் குழாய் லாரிக்காரனிடம் இருக்கிறதா என்று விசாரிக்க, பெரியவர் செல்போனைத் தேடிக்கொண்டு உள்ளே போனார்.