கரைவலையும் நாடித்துடிப்பும்

ஐம்பது வயதை எட்டியதும் எம்மைப் பரிசோதித்த வைத்தியர், நாள்தோறும் ஓடுமாறு பணித்தார். அதற்கோர் அளவும் சொன்னார். 220இலிருந்து வயதைக் கழித்தால் வருவது இருதயத்தின் உச்சத் துடிப்பு. எமக்கு அது 170. கடும் பயிற்சியின்போது அதில் 70 முதல் 85 வீதம் வரை, அதாவது நிமிடத்துக்கு 119 முதல் 144 வரை துடிக்கலாம். அதற்குமேல் வேண்டாம் என்றார். துடிப்பை எண்ணிக் காட்டும் கைக்கடிகாரம் ஒன்றைக் கட்டிக்கொண்டு, உடப்புக் கடற்கரையில் நாமும் விடியற்காலைகளில் ஓடலானோம்.

ஓடிய அதே மணலில் வேறொரு பயிற்சியும் நடந்துகொண்டிருந்தது. அதற்கு உழைப்பென்று பெயர். தோணியிற் சென்று கடலில் வளைத்துவிட்ட கரைவலையின் இரு கயிறுகளையும் இரு வரிசையாக நின்று மனிதர் இழுத்தனர். குதிகால் மணலிற் புதைய, உடல் பின்னே சாய, அடியடியாகப் பின்வாங்கும் இழுப்பு. ஒருவர் அம்பாவை எடுத்துக் கொடுக்க, மற்றவர் ஏற்றுப் பாடினர்.

மடி கரையேறியதும், எம்மிடம் முன்னர் படித்த மாணவன் ஒருவனின் தகப்பனார் அருகில் வந்தமர்ந்தார். எமக்கு ஒத்த வயதினர். “மாஸ்டர், உங்கள் மணிக்கூடு எனக்கும் கணக்குச் சொல்லுமா?” என்று சிரித்தார். அவர் மணிக்கட்டில் விரல் வைத்து அரை நிமிடம் எண்ணினோம். 69. நிமிடத்துக்கு 138.

எம் எல்லைக்கு உட்பட்டதுதானே என்று முதலில் ஆறுதலடைந்தோம். வீடு திரும்பிய பின்னரே எம் தவறு புலப்பட்டது. நாம் ஓடுவது அரை மணி நேரம். அவர் இழுப்பது மணிக்கணக்கில். நாம் விரும்பியபோது நிற்கலாம். வலை பாதி வழியில் நிற்குமா?

தேடிப் படித்தோம். 220 என்ற கணக்கே ஒரு குத்துமதிப்புத்தான். 1971இல் வெளியான ஒரு கட்டுரை, முந்திய ஆய்வுகளை ஒருங்கே நோக்கிக் கண்டது அது. ஒரே வயதினர் இருவரின் உச்சத் துடிப்பு பத்துப் பன்னிரண்டு எண்ணிக்கை வேறுபடுவது சாதாரணம். 2001இல் தனாக்கா முதலியோர், வயதை 0.7ஆற் பெருக்கி 208இலிருந்து கழிக்கும் கணக்கை முன்வைத்தனர். இருதயத் துடிப்பைத் தணிக்கும் மருந்து உண்போருக்கு இரண்டுமே பொருந்தா.

வெயிலில் உழைப்போருக்கோ அளவே வேறு. வெப்பத்தைத் தணிக்க இருதயம் தோலுக்கும் குருதி அனுப்ப வேண்டும். வியர்வையால் நீர் குறையக் குறைய அதன் சுமை ஏறும். ஆகவே அமெரிக்கத் தொழிற் சுகாதார நெறிகள், 180இலிருந்து வயதைக் கழித்த எண்ணுக்கு மேல் துடிப்புச் சில நிமிடங்கள் நீடித்தால் வேலையை நிறுத்தச் சொல்கின்றன. ஐம்பது வயதினருக்கு அது 130. ஓய்வு தொடங்கும்போது துடிப்பு 110ஐத் தாண்டியிருந்தால், அடுத்த வேலைநேரத்தில் மூன்றிலொரு பங்கைக் குறைக்கவேண்டும் என்பது இன்னொரு விதி. ஓடும் எமக்கு அனுமதிக்கப்பட்ட 138, உழைக்கும் அவருக்கு எச்சரிக்கை!

மறுநாள் இதனை அவரிடம் கூறினோம். அவர் கயிற்றைப் பார்த்தார். “முன்பு இந்தக் கயிற்றில் இருந்த ஆட்களில் பாதிப்பேர்தான் இப்போது. பிள்ளைகள் வெளிநாடு போய்விட்டார்கள். வலை சிறுக்கவில்லையே, மாஸ்டர்!” என்றார். பிடிபடும் மீனின் பங்கே அவர் கூலி. நின்றால் பங்கில்லை.

அம்பாவை அன்று கவனித்துக் கேட்டோம். மூச்சு வாங்காது பேச முடிந்து, பாட முடியாவிடின் அது மிதமான உழைப்பு. சில சொற்களுக்கு மேல் பேச முடியாவிடின் கடும் உழைப்பு என்பர் உடற்பயிற்சி நூலார். ஏற்றுப் பாடும் குரல் மெலிந்தபோது, வயது முதிர்ந்தவர் ஒருவர் கையசைத்து ஆள் மாற்றினார். கருவியில்லாத காலத்தின் நாடிமானி அது! ஆனால் மாற்ற ஆள் வேண்டுமே.

ஆசிரியர்களே, மாணவர்களே! இருதயத்தைக் காக்கும் அறிவு ஓய்வுள்ளோரின் தனியுடைமையாகலாகாது. நாடி பிடித்து எண்ணுவதற்கு ஒரு மணிக்கூடு போதும். பாடசாலையில் அதனைக் கற்பிப்போம். நெஞ்சு வலி, தலைச்சுற்று, மிகுந்த மூச்சுத்திணறல் கண்டால் கயிற்றை விட்டு உடனே வைத்தியரை நாட வேண்டுமென்றும் சொல்வோம். கரையில் நிழலும் குடிநீரும் வேண்டும். கயிற்றுக்குத் தக்க ஆள் வேண்டும். களைத்து நிற்பவனின் பங்கு குறைக்கப்படாதென்ற உடன்பாடு வேண்டும்.

இப்போது எமது ஓட்டத்தைச் சற்றுக் குறைத்து, மிகுந்த நேரத்தில் கயிற்றின் கடைசியில் ஓரிடம் பிடிக்கிறோம். கடிகாரத்தை அவர் கையிற் கட்டிவிட்டோம்.