இரு கரைகள், ஒரே நீர்

ஜன்னல், சாவி, அலமாரி என்று நாம் நாள்தோறும் வழங்கும் சொற்களை நமக்கு அளித்த நாடு போர்ச்சுக்கல். அதன் தலைநகராகிய லிஸ்பனிலிருந்து அட்லாண்டிக் கரையோரமாக வடக்கே சென்றால் 'ஓஎஸ்தே' என்னும் வட்டாரத்தை அடைகிறோம். மேற்கு என்பதே அச்சொல்லின் பொருள். எந்த மன்னனும் வென்று வகுத்த நாடன்று இது. அண்டை அயலாகிய 12 நகராட்சிகள் கைகோத்து அமைத்த கூட்டு.

இவற்றுள் 7 கடலைத் தொடுகின்றன. எஞ்சிய 5 திராட்சைத் தோட்டங்களும் பேரிக்காய்த் தோப்புகளும் சூழ்ந்த உள்நாட்டில் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் தனிப்பெருமை உண்டு. அல்கோபாசாவில் 1153-இல் நிறுவப்பட்ட சிஸ்டர்சியன் துறவுமடத்தைக் கண்டு வியக்கிறோம். நசாரேயிலோ செங்குத்துப் பாறையின் உச்சியில் அன்னை மரியாளின் திருத்தலம். அடியில் மீனவர் குடியிருப்பு. துறைமுகம் அமையுமுன் அங்குப் படகுகளை எருதுகள் பூட்டி மணலில் இழுத்தனராம்.

தெற்கே இறங்கி ஓபிதோஸ் காயலை அடைகிறோம். பரப்பு ஏறத்தாழ 7 சதுர கிலோமீட்டர். வடகரை கால்தாஸ் த ரைன்யா நகராட்சியைச் சேர்ந்தது. அரசி லெயோனோர் 1485-இல் வெந்நீர் ஊற்றருகே மருத்துவமனை எழுப்பிய ஊர் அது. தென்கரையோ மதில் சூழ்ந்த ஓபிதோசுக்கு உரியது. காயலின் முகத்துவாரம் அடிக்கடி மணலால் தூர்ந்துபோகிறது. தூர்ந்தால் கடல்நீர் உட்புகாது. மட்டி எடுத்துப் பிழைக்கும் இரு கரைக் குடும்பங்களும் ஒருசேர வாடும். வரைபடத்தில் எல்லைக்கோடு உண்டு. நீரில் ஏது கோடு?

இக்கூட்டின் தேவை இங்கேதான் நமக்கு விளங்குகிறது. 12 நகராட்சித் தலைவர்களும் ஒரே மன்றத்தில் அமர்ந்து, ஊர்விட்டு ஊர் செல்லும் பேருந்து, ஐரோப்பிய நிதியுதவி போன்ற பொதுக் காரியங்களை ஆராய்கின்றனர். மூன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களுக்காக அவர்கள் பேசுகின்றனர். ஆயினும் எந்த ஊரும் தன் பெயரையோ தன் மன்றத்தையோ இழந்துவிடவில்லை.

பூசலே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். வட்டாரத்துக்குப் புதிய மருத்துவமனை எங்கே அமைவது என்ற வழக்கில், 2023-இல் அரசு பொம்பர்ரால் என்னும் ஊரைத் தேர்ந்தது. கால்தாசும் ஓபிதோசும் அதனை எதிர்த்தன. பிணியாளரைச் சுமந்து செல்லும் தொலைவு பற்றிய கவலை சிறிதன்று. எனினும் அவை கூட்டைவிட்டு வெளியேறவில்லை; மனத்தாங்கலோடும் ஒரே மேசையில்தான் அமர்கின்றன. ஒற்றுமை என்பது கருத்து வேற்றுமை இல்லாமை அன்று; வேற்றுமை இருந்தும் எழுந்து போகாமை என்பதை அங்கே கற்றோம்.

நம் ஊர் ஏரிகளுக்கும் இரு கரைகள் உண்டு. மறுகரையாரோடு நாம் கடைசியாக அமர்ந்து பேசியது எப்போது?